முகம் என்னுடையது, குரல் நாகரத்னாவுடையது

ஜனவரி 17, செவ்வாய். பெங்களூரு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்குப் பணிவான வணக்கம். ஆண்டு பிறந்து, சங்கராந்திக்கு எள்ளும் வெல்லமும் கொடுத்து வாங்கி முடித்த பிறகே தங்களைத் திறக்கிறேன். இத்தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். எழுதத்தக்கது எதுவும் நிகழாததே காரணம். சென்ற ஆண்டு மூன்று படங்களில் மூன்று மகன்களைப் பறிகொடுத்து அழுதேன். அதையெல்லாம் யார் எழுதி வைப்பார்கள்?

இன்று நிகழ்ந்தது. வினுதா என்னும் இளம் இயக்குநர் ராஜாஜிநகர் இல்லத்திற்கு வந்தார். காபியைக் கையில் வாங்குமுன்பே கதையைச் சொல்லிவிட்டார். கதக் நகரில் சோள ரொட்டிச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு கைம்பெண். படம் முழுதும் அவள்தான்.

"அவளை யாரு, எப்பக் கொல்றாங்க?" என்று கேட்டேன். தாய் வேடமென்றால் இடைவேளைக்கு முன் உயிரை விட்டுப் பழகியவள் நான்.

"யாரும் கொல்லலை. கடைசி வரைக்கும் ரொட்டி தட்டுறா."

ஐம்பத்து மூன்று வயதில் கதாநாயகி! உள்ளத்தில் மத்தளம் கொட்டியது. முகத்தில் காட்டவில்லை. அடுத்து அவர் சொன்னதுதான் மத்தளத்தைக் கிழித்தது.

"டப்பிங் கிடையாது சங்கவ்வா. படப்பிடிப்புலயே ஒலியையும் பதிவு பண்றோம். உங்க குரல்தான்."

என்னைச் சங்கவ்வா என்று திரையுலகில் எவரும் அழைத்ததில்லை. படங்களில் நான் சந்தியாராணி. பிறந்தது கதக்கிற்கு அருகில். பள்ளியில் நான்காம் வகுப்பு. மீதிக் கல்வியை நாடகக் கம்பெனியின் திரைக்குப் பின்னே அமர்ந்து, கிடைத்த தாளையெல்லாம் படித்து நானே ஈட்டிக்கொண்டேன். ஆதலால் சொற்களை மதிப்புடன் கையாள்வேன். ஆனால் என் குரலை எவரும் மதிப்புடன் கையாண்டதில்லை. முதற் படத்திலேயே ஒலிப்பதிவாளர், "மொளகா இடிக்கிற சத்தம்" என்றார். வட கர்நாடகப் பேச்சு வேறு. அன்றிலிருந்து இன்றுவரை என் வாயசைவுக்கு மைசூர் நாகரத்னாதான் பேசிவருகிறாள். சந்தையில் நான் வெண்டைக்காய் விலை கேட்டால், "நீங்க அந்த அம்மா மாதிரியே இருக்கீங்க, ஆனா குரல் வேற" என்கிறார்கள்.

என் குரல் திரையில் ஒலிக்குமா? சம்மதித்துவிட்டேன்.

ஜனவரி 18, புதன்

நாகரத்னாவிடம் தொலைபேசியில் தெரிவித்தேன்.

"ஏய் முகமே! என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு அதை எங்கிட்டயே சொல்றியா?"

"குரலே, ஒரு படம்தான்."

"ஒரு படம்னு சொல்லித்தான்டி எல்லாரும் ஆரம்பிக்கிறாங்க. சரி, தொண்டையைப் பாத்துக்கோ. ஐஸ் வாட்டர் குடிக்காதே. மொளகாய அம்மியிலயே விட்டுட்டுப் போ."

சிரித்துக்கொண்டே வைத்தாள். சிரித்தாளா? சிரித்தாள் என்றே கொள்கிறேன்.

பிப்ரவரி 6, திங்கள். கதக்

முகூர்த்தம். தயாரிப்பாளர் புட்டசாமி கவுடர் மண்டியாவிலிருந்து வந்து தேங்காய் உடைத்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் கேமரா வண்டி ஏறியது. வினுதா மெல்லிய குரலில் "ஆக்‌ஷன்" என்றார்.

இதை எழுதக் கை கூசுகிறது, ஆயினும் எழுதுவேன்.

நான் இதுவரை நடித்த படங்களில் வசனத்தை எவரும் மனப்பாடம் செய்ததில்லை. உதவி இயக்குநர் கேமராவின் அருகில் நின்று உரக்கப் படிப்பார். நாங்கள் அதைத் திருப்பிச் சொல்வோம். உண்மையான குரல் பிறகு டப்பிங் அரங்கில் வந்து சேரும். இம்முறை அதற்கு வழியில்லை என்பதால் எல்லா வசனங்களையும் பழுதறக் கற்றிருந்தேன். கற்று என்ன பயன்? "ஆக்‌ஷன்" என்றதும், காலங்காலமாய்ச் செய்ததுபோல், கேமராவின் இடப்பக்கம் பார்த்துக் காத்து நின்றேன்.

எவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கோ ஒரு கோழி மட்டும் பேசியது. வினுதா 'கட்' சொல்லவில்லை. நான் ஏதோ ஆழ்ந்து நடிப்பதாக எண்ணினாராம். கவுடர் கண் கலங்கிவிட்டார்.

கடைசியில் என்னை அறியாமல் கத்தினேன்: "யப்பா, யாராவது எடுத்துக் குடுங்கப்பா!"

அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தனர். ஒலிப்பதிவாளர் சொன்னார்: "நல்ல குரல்க்கா. கேமராவுக்கு வெளியே நிக்கிற நாயும் எந்திரிச்சிருச்சு." அவமதிப்பா, பாராட்டா? இரண்டாவது என்று தீர்மானித்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

இயக்குநர்கள் குறித்துச் சில சொற்கள்.

என் இளமையில் ஒருவர் இருந்தார். அழுகை, நாணம், பிரசவ வலி எதுவாயினும் முதலில் தாமே நடித்துக் காட்டுவார். நாங்கள் அவரைப்போல் செய்வோம். அவருடைய படமொன்றில் அண்ணன், தம்பி, மாமனார், வில்லன், நான் என அனைவரும் ஒரே விதமாய் வலப்புருவத்தைத் தூக்கினோம். விமர்சகர் ஒருவர், "ஒரே குடும்பம் என்பதை நம்ப முடிகிறது" என்று எழுதினார். இன்னொருவருக்கு இடக்கண்ணில்தான் முதலில் நீர் வரவேண்டும். விளக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பாராம். கிளிசரின் கூட அவர் சொல் கேட்டது. அவர்களை இகழ மாட்டேன். அவர்களால்தான் உலை கொதித்தது. ஆனால் நடிகை என்பவள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களில் எவரும் என்னிடம் கேட்டதில்லை.

வினுதா எதையும் காட்டுவதில்லை. இன்று பொறுமையிழந்து, "ஒரு தடவை நீங்களே நடிச்சுக் காட்டிருங்க மேடம்" என்றேன்.

"எனக்கு நடிக்க வராது சங்கவ்வா. வந்திருந்தா உங்களை எதுக்குக் கூப்பிடுறேன்?"

பிப்ரவரி 11, சனி

மோசமான நாள்.

காட்சி எளியது. வாடிக்கையாளராக நடிப்பவர் பரமேசி, தார்வாடு நாடகக்காரர். அவர் "போதும், வயிறு நிறைஞ்சிருச்சு" என்பார். நான் "நிறைஞ்சா சரி, மகராசனா இருங்க" என்று இலையில் மோர் ஊற்ற வேண்டும். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். மீண்டும் சொன்னேன். வினுதா ஒவ்வொரு முறையும், "நல்லாருக்கு, இன்னொண்ணு" என்றார். பிறகு பரமேசியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த முறை பரமேசி என்னைப் பார்த்து, "வீட்டுல அம்மா தவறிட்டாங்க" என்றார்.

"நிறைஞ்சா சரி, மகராசனா இருங்க" என்று சொல்லி மோர் ஊற்றினேன்.

யாரும் சிரிக்கவில்லை. பரமேசிதான், "பரவால்லக்கா, எங்கம்மா நல்லாத்தான் இருக்கா, ஊருல சண்டை போட்டுட்டு இருக்கா" என்று ஆறுதல் சொன்னார்.

அய்யோ. ஒருத்தர் எதிர்ல நின்னு அம்மா செத்துட்டான்னு சொல்றார், எனக்குக் காதுலயே விழலையே! இத்தனை வருஷமா என் காது எங்க இருந்துச்சு? கேமரா பக்கத்துல இருந்துச்சு. எடுத்துக் குடுக்கறவர் வாய்லயே இருந்துச்சு. அழுதிருக்கேன், சபிச்சிருக்கேன், மகன்களைக் கட்டிப் புடிச்சிருக்கேன் — அவங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு நாளாவது கேட்டேனா?

வினுதா மாலையில் அறைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நாளைக்கு வசனம் வேணாம். நெஜமாவே சமைங்க. பரமேசி நெஜமாவே சாப்பிடட்டும்" என்று மட்டும் சொல்லிப் போனார். கோபம் வந்தது. பிறகு பசி வந்தது.

பிப்ரவரி 14, செவ்வாய்

இரண்டு நாளாய் உண்மையில் சமைக்கிறேன். சோள மாவு பிசைந்து, கையால் தட்டி, சுட்டு, எண்ணெய்க் கத்திரிக்காயுடன் போடுகிறேன். பரமேசி பசியோடு வருகிறார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

இன்று அவர் தட்டைப் பார்த்தபடி, "உன் கத்திரிக்காய்ல இன்னிக்கு என்னமோ கொறையுதே அவ்வா" என்றார்.

"கொறையறது கத்திரிக்காய்ல இல்ல, உன் நாக்குல. நேத்து எவ கையில தின்னே?" என்றேன்.

அது எந்தத் தாளிலும் இல்லாத வசனம். என் ஊர்ப் பேச்சில், மிளகாய் இடிக்கும் குரலில், தானாய் வந்தது. பரமேசி மூக்கில் மோர் ஏறி இருமினார், நான் அவர் தலையில் தட்டினேன், அதுவும் பதிவாகிவிட்டது. வினுதா 'கட்' சொல்லிவிட்டு, நேரே வந்து தரையில் அமர்ந்து, "எனக்கும் ஒண்ணு போடுங்க" என்றார்.

நடிப்பு என்பது இதுதானா? இவ்வளவு மகிழ்ச்சியானதா? இத்தனை நாளும் நான் பார்த்த உத்தியோகம்தான் என்ன?

ஜூன் 12, திங்கள். பெங்களூரு

படத்தொகுப்பு முடிந்து கவுடர் பார்த்தாராம். முகம் நன்று, பேச்சு புரியவில்லை என்றாராம். "மண்டியா, மைசூர்ப் பக்கம் ஒருத்தனுக்கும் வெளங்காது. பழைய குரலையே போட்டுருங்க." வினுதா சண்டையிட்டிருக்கிறார். பணம் போடுபவர் சொல் பெரிது.

செய்தியைச் சொல்ல நாகரத்னாவே நேரில் வந்தாள். மத்தூர் வடை வாங்கி வந்திருந்தாள். கெட்ட செய்திக்கு அவள் எப்போதும் கொண்டுவருவது அதுதான்.

"நீ வேணாம்னு சொல்லு, நான் போகலை" என்றாள்.

"உன் தொழில். போ."

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு போன்னு சொன்னா?"

"மூஞ்சி என்னுடையது. எங்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்வேன்."

"கோவம் வந்தாத்தான்டி நீ புஸ்தகம் மாதிரி பேசுவே" என்று வடையை என் வாயில் திணித்தாள். இருவரும் சற்றுச் சிரித்தோம். அவளுக்கும் இவ்வாண்டு வேலை குறைவு. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ஜூன் 15, வியாழன்

இன்று நாகரத்னா என் வாயில் பேசுகிறாள். நான் துணி துவைத்தேன். துவைத்த துணியையும் துவைத்தேன்.

ஜூன் 17, சனி

அழைப்பு மணி அடித்த விதமே விசித்திரம். கதவைத் திறந்தால் நாகரத்னா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உக்காரு. நான் நடிச்சுக் காட்டறேன்" என்று கூடத்தின் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டுக் கவுடரைப்போல் தொப்பையைத் தள்ளி அமர்ந்தாள்.

நடந்தது இது. சாப்பாட்டுக் கடையில் நடக்கும் காட்சிகளுக்கு மட்டும் முதலில் அவள் பேசி முடித்தாள். கவுடர் வந்து பார்த்தார். "சுத்தமா இருக்கு. ஒரு எழுத்து விடாமப் புரியுது" என்று தலையாட்டினார். வினுதா, படப்பிடிப்பில் பதிவான என் குரலோடும் ஒரே ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்றார். மரியாதைக்காகச் சம்மதித்தார். விளக்கு அணைந்தது.

திரையில் நான் ரொட்டியோடு வருகிறேன்: "அரைதான். அரை ரொட்டி வெச்சா என்ன, உன் வயிறு என்ன கோணிப்பையா, தச்சு மூடிட்டேன்னு சொல்ல?"

"அப்ப இருட்டுல ஒரு சத்தம் கேக்குது," என்றாள் நாகரத்னா. "'ஐயோ வேணாம்மா, சத்தியமாப் போதும்!' யாருன்னு பாத்தா நம்ம கவுடரு! ரெண்டு கையையும் இப்படி விரிச்சு மடிக்கு மேல வெச்சு மறைச்சுக்கிட்டு இருக்காரு. தட்டும் இல்ல, இலையும் இல்ல. வெறும் வேட்டி!"

விளக்கு வந்தபோதும் கை அப்படியே இருந்ததாம். அதைத் தாமே சற்று நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பேச்சு பாதி வெளங்கலை. ஆனா ரொட்டி வெக்க வர்றாளேய்யா! இவ குரலையே வெச்சுருங்க."

எனக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது. "நெஜத்தைச் சொல்லு. எனக்காக வேணும்னே மோசமாப் பேசினியா?"

நாகரத்னா எழுந்து நின்றாள். அவ்வளவு கோபமாய் அவளைப் பார்த்ததில்லை. "சீ! என் தொழில் மேல ஆணை. உன்னைவிட நூறு மடங்கு நல்லாத்தான் பேசினேன்டி. ஆனா என் குரல்ல ஒருத்தனுக்கும் பசிக்கலை, நான் என்ன பண்ண?"

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனாள். "சும்மா நிக்காதே. ரொட்டி தட்டு. வேலையைப் புடுங்கிட்டே, சோறாவது போடு."

தட்டினேன். அவள் போதும் என்று கையை விரித்து மறைத்தாள். விரல் இடுக்கில் வைத்தேன்.

நவம்பர் 6, திங்கள்

படம் வெளியாகி, இப்போது மைசூரிலும் ஓடுகிறது. காலையில் ஒரு புதிய இயக்குநர் வசனத் தாள்களை அனுப்பிவிட்டு அழைத்தார். நீதிபதியின் தாய் வேடம். "அந்தப் படத்துல எதிராள் பேசறப்ப நீங்க சும்மா கேட்டுட்டு நிப்பீங்களே மேடம், அதே மாதிரி வேணும். எப்படின்னு நான் செஞ்சு காட்டிடறேன். வசனம் எடுத்துக் குடுக்கவும் ஆள் இருக்கு, கவலையே வேணாம்."

அவருக்கு அனுப்பிய மறுமொழியை இங்குப் படியெடுத்து வைக்கிறேன்:

'ஐயா, வணக்கம். வேடத்தை ஏற்கிறேன். எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாம். குரலும் என்னுடையதே. தாங்கள் அனுப்பிய தாள்களில் என் வசனம் மட்டுமே உள்ளது; மகனாக வருபவர் என்னிடம் என்ன சொல்கிறார் என்பது இல்லை. அதை அனுப்பி வைக்கவும். விரைவில் பதில் தரவும். — சங்கவ்வா'