ஆளில்லாத பத்து நொடி

மார்ச் 4, செவ்வாய்

பெரிய மிஸ் இன்று என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியை கூப்பிட்டால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்குக் கலங்கவில்லை, நான்தான் தப்பு எதுவும் செய்வதில்லையே. (இது தற்பெருமையா? உண்மைதானே.)

பதினைந்தாம் தேதி பெற்றோர் கூட்டம். அதற்கான ஸ்லைட்ஷோவை நான் செய்ய வேண்டுமாம். "வெறும் படம் போதாதும்மா. நடுநடுவுல வீடியோ ஓடணும். அப்பத்தான் கொட்டாவி விடாம பாப்பாங்க."

பத்தாம் வகுப்பு அக்காக்களை எல்லாம் விட்டுவிட்டு என்னை! கால் தரையில் பாவவில்லை. எதைப் பற்றிய ஸ்லைட்ஷோ என்று கேட்கவே வராந்தா வரைக்கும் வந்த பிறகுதான் தோன்றியது. திரும்பிப் போய்க் கேட்டேன். நூலகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் காணொளி அறை அமைக்கப் போகிறார்கள். புத்தகங்கள் பெட்டிக்குள் போகும். அதற்குப் பெற்றோர் கை தூக்க வேண்டும்.

"சரி மிஸ்" என்றேன்.

ஏன் சரி என்றேன்?

மார்ச் 5, புதன்

ஸ்லைட்ஷோவுக்குள் வீடியோ சேர்க்க எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ள எனக்கு இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. நூலகர் அக்கா ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார். "எதுக்கும்மா இது?"

"ஸ்கூல் வேலைக்குக்கா."

பொய் இல்லை. ஆனாலும் காது சுட்டது.

ஏழாம் அத்தியாயம். வீடியோவை ஸ்லைடுக்குள்ளேயே வைத்துவிடலாம். அல்லது அது இருக்கும் இடத்துக்கு இணைப்பு மட்டும் கொடுக்கலாம், கோப்பு சின்னதாக இருக்கும். எனக்கு இரண்டாவது பிடித்தது. சிக்கனமாக இருக்கிறது. அடுத்த பக்கம் புரட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மதியம் பெரிய மிஸ்ஸும் நானும் பள்ளிக் கேமராவோடு நூலகத்துக்குப் போனோம். நூலகர் அக்கா சாப்பிடப் போயிருந்தார். எடுக்க வேண்டிய காட்சி: யாரும் வராத நூலகம். உள்ளே பத்தொன்பது பேர் இருந்தார்கள். எண்ணினேன்.

நான் ஆர்வக்கோளாறில் வாசலிலேயே பதிவை ஆரம்பித்துவிட்டேன். பெரிய மிஸ் கைதட்டிச் சொன்னார்: "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்கப்பா. இங்க யாருமே வர்றதில்லைன்னு ஒரு வீடியோ எடுக்கணும்."

எல்லோரும் எழுந்து வரிசையாக வெளியே போனார்கள். எங்கள் பள்ளியில் ஒழுக்கத்துக்கு மட்டும் குறைவில்லை. பிறகு காலி நாற்காலிகளைப் பத்து நொடி எடுத்தேன். வாசலில் யாரோ ஒரு குட்டிப் பெண், "மிஸ், எப்ப உள்ள வரலாம்?" என்றாள். அதுவும் பதிவாகிவிட்டது.

கம்ப்யூட்டர் சார் முழு வீடியோவையும் பள்ளி லேப்டாப்பில் ஏற்றிவிட்டு எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்.

மார்ச் 8, சனி

வீட்டுக் கணினியில் முன்னும் பின்னும் வெட்டினேன். காலி நாற்காலிகள் மட்டும் மிஞ்சின. மிக அழகான பத்து நொடி. அம்மா எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம், ஒரு ஈ காக்கா இல்லையே" என்றாள். என் வேலை எவ்வளவு நன்றாக இருக்கிறது!

இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 12, புதன்

நூலகர் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று தயாராகப் போனேன். "நீதான் பண்றியாமே? நல்லா பண்ணும்மா" என்றார், அவ்வளவுதான். அவரை ஆபீசுக்கு மாற்றுகிறார்களாம், உறைகளில் முகவரி எழுத.

திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்லைட்ஷோவைப் பென் டிரைவில் ஏற்றியாயிற்று. எழுத்துப்பிழை பார்த்தாயிற்று. ஒன்றுகூட இல்லை.

மார்ச் 15, சனி



கூட்டத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது ஓட்டிப் பார்த்தோம். வீடியோ வர வேண்டிய இடத்தில் கறுப்புச் சதுரம். இணைப்பு மட்டும்தானே கொடுத்தேன். வீடியோ வீட்டுக் கணினியிலேயே உட்கார்ந்திருக்கிறது. புத்தகத்தில் நான் புரட்டாமல் விட்ட அந்த அடுத்த பக்கத்தில் இதைத்தான் எழுதியிருப்பார்கள்.

"இதுக்கா அழற? முழுசா இங்கேயே இருக்கே" என்று கம்ப்யூட்டர் சார் பள்ளி லேப்டாப்பிலிருந்ததை எடுத்துச் சொருகிவிட்டார்.

"சார், அது வெட்டாதது சார்."

"வெட்டினா என்ன, வெட்டாட்டி என்ன, நூலகம்தானே." சத்தத்தை முழுதாக ஏற்றிவிட்டு, பின்வரிசைக்குக் கேட்கிறதா என்று பார்க்க அரங்கின் கடைசிக்குப் போய்விட்டார். லேப்டாப் பக்கத்தில் நான் மட்டும்.

பெரிய மிஸ் மைக்கில், "இப்ப நம்ம நூலகத்தோட நிலைமையை நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தார்கள். பத்தொன்பது பேர் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள்.

நிறுத்துவதற்கு எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். விரல் அதன் மேல்தான் இருந்தது. கைதட்டும் சத்தத்துக்கு முன்னால் நான்கு நொடி அவகாசமும் இருந்தது. அதை நான் எண்ணினேன், அழுத்தவில்லை.

"யாருமே வர்றதில்லைன்னு ஒரு வீடியோ எடுக்கணும்" என்றது ஸ்பீக்கர். கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். ஒரு அப்பா எழுந்து, "ஜன்னலோரம் இருந்தது எம் பொண்ணு. அவ 'யாருமே'ல வரமாட்டாளா?" என்று கேட்டார். காலி நாற்காலிகள் வந்தபோது யாரும் பார்க்கவில்லை. குட்டிப் பெண்ணின் குரலுக்கு மட்டும் அரங்கம் அடங்கிற்று. கை தூக்கச் சொல்லவே இல்லை, கூட்டம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, "சவுண்ட் நல்லா இருந்துச்சு" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

பெரிய மிஸ் கூப்பிட்டார். இந்தத் தடவை நானும் மற்றவர்களில் ஒருத்தி.

"நிறுத்தத் தெரியாதா உனக்கு?"

தெரியாது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னை நம்பியிருப்பார்.

"தெரியும் மிஸ்."

"நான் அப்படியா பேசினேன்?" என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை. பிறகு, "போ" என்றார்.

மார்ச் 19, புதன்

ஆண்டு விழா ஸ்லைட்ஷோ பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. அழவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 26, புதன்

நூலகம் இனி பள்ளி விட்ட பிறகும் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. பெரிய மிஸ்ஸின் கையெழுத்து. காரணம் எதுவும் எழுதவில்லை.

மாலை போனேன். பெரிய திரையில் வந்த இடத்தைப் பார்க்க ஆறாம் வகுப்பு முழுவதும் வந்திருந்தது. ஒரே இரைச்சல். உட்கார இடமில்லை. நூலகர் அக்கா உதட்டில் விரல் வைத்து வைத்து ஓய்ந்துபோயிருந்தார்.

அலமாரியில் சாய்ந்து நின்றபடியே இருபது பக்கம் படித்தேன். பிறகு முன்பின் தெரியாத ஒருத்தி, தலை நிமிராமலே, நகர்ந்து பாதி நாற்காலி விட்டாள்.