கொக்கியை எங்கே மாட்டுவது

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். முதுகுவலி மாத்திரையைத் தொடர்ந்து போடுகிறாயா, இல்லை வழக்கம்போல் நிறுத்திவிட்டாயா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. யாருக்கும் அடியில்லை, பயப்படாதே. கட்டட வேலைக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. அவர்கள் ஐந்து மொழிக்காரர்கள். அதனால் பேச்சே இல்லாமல், செய்து மட்டும் காட்டும் ஒரு வகுப்பை உருவாக்கினேன். உயரத்திலிருந்து விழாமல் இருக்கக் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டைக் கட்டினேன். அதன் கயிற்று நுனியில் இருக்கும் கொக்கியை உறுதியான கம்பியில் மாட்டவேண்டும். வகுப்பறையில் கம்பி எதுவும் இல்லாததால், என் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டேன். எல்லோரும் அப்படியே செய்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று சாரத்தில் ஏறிப் பார்த்தால், அத்தனை பேரும் கொக்கியைத் தங்கள் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு அந்தரத்தில் வேலை செய்கிறார்கள். கத்தினேன். மேஸ்திரி சிரித்தார்.

"நீங்க காட்டினதுதானே சார்? ஒருத்தன் ஒழுங்கா கம்பியில மாட்டினான். தப்புன்னு சொல்லி இவங்கதான் அவனைத் திருத்தினாங்க."

யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. உன் அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் இங்கே வந்தேன். ஆனால் இதற்கு அவரைக்கூடக் குறைசொல்ல முடியவில்லை. இன்னும் எதையெல்லாம் தப்பாகக் காட்டியிருக்கிறேனோ? யாராவது தலையாட்டினாலே இப்போது நிறுத்தி, செய்துகாட்டச் சொல்கிறேன்.

நாளையிலிருந்து வகுப்பு சாரத்தின் மேலேதான். முழங்காலுக்குப் போடும் உறை ஒன்று வாங்கி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை உடனே உன் அண்ணனிடம் கொடுத்துவிடாதே. நான் எது சொன்னாலும் நீ "சரிங்க" என்று முடித்துவிடுகிறாய். ஒரு தடவையாவது ஏன் என்று கேள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

பெரியவளின் அப்பா