நாலு பிள்ளைகளுக்கு ஒரு வீடு

ஜூன் 3, செவ்வாய்
தீவுக்கு வந்து ஆறு நாள். ஆறு பேரும் விடுதியின் ஒரே அறையில். இங்கே மருத்துவமனையில் எனக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அதற்காகத்தான் குடும்பமே கப்பலேறியது. என் இரட்டைப் பயல்கள் ராத்திரி முழுக்க உருண்டு, காலையில் குளியலறை வாசலில் கிடக்கிறார்கள். என் கணவருடைய மகன் அவர்களுக்குத் தலைவன். அவருடைய மகள் மூத்தவள், பதின்மூன்று வயது, சன்னலோரம் புத்தகத்தோடு.

எங்கள் இருவருக்குமே இது இரண்டாம் கல்யாணம். எட்டு மாதம் ஆகிறது. மூத்தவள் இன்னும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து தொண்டையைச் செருமுவாள். பரவாயில்லை. எந்தச் செருமல் பசி, எது சோப்பு என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது.

பதினைந்தாம் தேதிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டுமாம். சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள்.

ஜூன் 5
மூன்று வீடு பார்த்தோம். பிள்ளைகள் நாலு என்றதும் முதல் வீட்டு அம்மாள் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டாவதில் கதவே முழுசாகத் திறக்கவில்லை. மூன்றாமவர் நல்ல மனிதர். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுத்தார்.

ஜூன் 6
மழை. வீடு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு
ஓய்வுபெற்ற துறைமுக அதிகாரியின் வீடு. நாலு அறை, கடல் காற்று. அறைகளை அவளும் பார்க்கட்டும் என்று மூத்தவளை அழைத்துப் போனோம். தரகர் வழியெல்லாம் பாடம் எடுத்தார்: "பிள்ளைங்க ரெண்டுன்னு சொல்லுங்க. குடி வந்தப்புறம் யாரு எண்ணப் போறா?" என் கணவரும் தலையாட்டிவிட்டார். மூத்தவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ரெண்டு என்றால் — எந்த ரெண்டு?

எத்தனை பிள்ளைகள் என்று வீட்டுக்காரர் கேட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நாலு பேருங்க. இவ பெரியவ. இவளுக்குக் கீழ மூணு பசங்க. நாலும் என் பிள்ளைங்கதான்."

வீடு போச்சு. தரகர் போன திசை தெரியவில்லை. திரும்பும் வழியில் இவர், தப்பு தன்னுடையதுதான் என்றார். சரி, ஆனா இப்போ எங்க போறது? வீராப்பா பேசிட்டேனே — இன்னும் ஒரு வாரம்தான் இருக்கு.

ஜூன் 10
வேலை முடிந்து வெளியே வந்தால் மருத்துவமனை வாசலில் மூத்தவள். செருமவில்லை, நேராகவே பேசினாள்.

"படகு எஞ்சின் ரிப்பேர் பண்றவர் இருக்காருல்ல, அவரு பட்டறைக்கு மேல வீடு காலியா இருக்கு. பிள்ளைங்க எத்தனைன்னு அவர் கேக்கல. நானே நாலுன்னு சொல்லிட்டேன்."

போய்ப் பார்த்தோம். தகரக் கூரை, மழை பெய்தால் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காது. தண்ணீர் காலையில் மட்டும். பகலெல்லாம் கீழே எஞ்சின்கள் அலறும். மெக்கானிக் கிரீஸ் கையைத் துடைத்தபடி சொன்னார்: "இந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரும் வர்றதில்லம்மா. நாலு பசங்கன்னா சரிக்குச் சரியாயிடும்." எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூத்தவளும் சிரித்தாள். அவளுக்கு ஒரு பல் கொஞ்சம் கோணல் என்று இன்றுதான் பார்த்தேன்.

ஜூன் 14
குடிவந்தாச்சு. பயல்கள் மூவருக்கும் ஓர் அறை, சண்டை தொடங்கிவிட்டது. மூத்தவளுக்குத் தனி அறை. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது — ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். உள்ளே போனவள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். புத்தகங்களை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29, ஞாயிறு
பட்டறைக்கு விடுமுறை. அதனால்தான் காதில் விழுந்தது.

பின்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் குரல் கொடுத்தார். மூத்தவள் போனாள்.

"அம்மா பின்னாடி துணி காயப் போடுறாங்க. இருங்க, கூப்பிடுறேன்."

ஏற்கெனவே உதறிய சட்டையை இன்னொரு முறை உதறினேன். உடனே போகவில்லை. அவளே வந்து கூப்பிடட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.