ஸைது, உன் பெயர் யாருடையது?

மதீனா,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகன் ஸைதுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் வாப்பாவும் உடம்பளவில் சுகம். உன் உடம்பையும் அல்லாஹ் நன்றாக வைத்திருக்கட்டும். மனசு சுகமா என்று இன்றைக்குக் கேட்கமாட்டேன், என் மனசு கொதித்துக் கிடக்கிறது.

இந்த வாரம் வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு சிறுமி எழுந்து கேட்டாள், "டீச்சர், நபிக்கு அப்புறம் வேதத்தை ஒரே நூலா எழுதித் தொகுத்த ஸாபித்தின் மகன் ஸைதுக்கு அது முழுக்க மனப்பாடமாச்சே, அப்புறம் எதுக்கு ஒவ்வொரு வசனத்துக்கும் சாட்சி கேட்டாரு?" "ஜாடியில் உப்பு இருப்பது நினைவிருந்தாலும் கடைக்குப் போகுமுன் உன் உம்மா திறந்து பார்ப்பாள் இல்லையா?" என்று அவளிடம் கேட்டேன். சோற்று உப்புக்கே அப்படி என்றால் வேதத்துக்கு? அழகாக எழுதத் தெரிந்தவர்கள் அன்றும் இருந்தார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக இந்த ஊர் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது கையெழுத்துக்காக அல்ல. தனக்குத் தெரிந்ததையே தெரியும் என்று விடாமல் இரண்டு சாட்சி கேட்டாரே, அதற்காக. இதைவிட மலையை நகர்த்துவது லேசு என்று பயந்துகொண்டே செய்தார். அந்தப் பெயரைத்தான் உனக்கு வைத்தோம்.

நீ என்ன செய்தாய்? உன் தங்கை லமீஸைத் தன் மகனுக்குப் பெண் கேட்டு பவ்வாஸின் வாப்பா வந்தார். இந்த ஊர் வழக்கப்படி, ஊற்றிக் கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்து, "பதில் சொல்லுங்க, குடிக்கிறோம்" என்றார். பையன் படித்தது கோலாலம்பூரில், நீயும் அங்கேதான் இருக்கிறாய் என்று உன்னை விசாரிக்கச் சொன்னோம். ரெண்டே நாளில், "அவன் சூதாடி, வேண்டாம்" என்றாய். உன்னை நம்பி மறுத்தோம். உன் மாமி நவால் வாயில் அது விழுந்தது, ஊருக்கே தெரிந்துவிட்டது. போன வாரம் பேரீச்சைக் கடையில் பவ்வாஸின் உம்மா என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், சூதாடியைப் பெத்தவ பக்கத்துல நிக்கிறீங்க, அபாயா அழுக்காயிடப் போவுது" என்றாள். கடையே திரும்பிப் பார்த்தது.

நேற்று உம்ரா யாத்திரைக்கு வந்த உன் அறைத் தோழன் ஹைஸம் நம் வீட்டில் சாப்பிட்டான். பவ்வாஸ் சூதாடுவது உனக்கு எப்படித் தெரிந்தது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "அதுவா உம்மா? முடிவெட்டுற கடையில எவனோ சொன்னானாம். அவன் பேருகூட ஸைதுக்குத் தெரியாது" என்றான். சோறு பரிமாறிக்கொண்டிருந்த லமீஸ் தட்டை வைத்துவிட்டு, "அங்க முடிய வெட்டுனது பத்தாதுன்னு என் கல்யாணத்தையும் வெட்டிட்டு வந்தானா?" என்று உள்ளே போனவள்தான், இன்னும் யாரோடும் பேசவில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது, ஸைது. எங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தவர்களை, அவனோடு படித்தவர்களை, ஒருவரைக்கூடத் தேடிப் போக உனக்குக் கால் வலித்ததா? யார் சொன்னது என்று உன்னிடம் கேட்காமல் விட்ட வாப்பாவும் நானும்கூட இதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், அது எங்கள் பாடு.

திட்டிவிட்டேன் என்று சாப்பிடாமல் இருக்காதே. ஹைஸமிடம் அஜ்வா பேரீச்சை கொடுத்திருக்கிறேன். அல்லாஹ் உனக்கு நேர்மையான நாவைத் தரட்டும்.

பவ்வாஸை நேரில் அறிந்த இரண்டு பேரைத் தேடிக் கேள். அவன் நல்லவன் என்று அவர்கள் சொன்னால், எனக்கல்ல, அவன் வாப்பாவுக்குப் போன் போட்டு, "விசாரிக்காமல் சொன்னேன்" என்று உன் வாயால் சொல்.

உன் உம்மா,
ஸுஹைலா