ஸ்டிக்கர் ஒட்டிய திருடன்

ஜூன் 3

என் வக்கீலம்மாவுக்கு,

நலம். அதாவது, முந்தாநாள் வரை லாக்கப்பில் இருந்தேன், இப்போது ஜாமீனில் நலம். நீ கோபித்துக்கொண்டு வெளியூருக்குப் போனதிலிருந்து உனக்கு எழுத விஷயமே கிடைக்கவில்லை. இப்போது கிடைத்துவிட்டது.

போன வாரம் டை கட்டிய ஓர் ஆள் நம் பூட்டுக் கடைக்கு வந்தார். "சாவியைத் தொலைச்சிட்டேன், வீட்டைத் திறந்து விடுங்க" என்றார். திறந்தேன். உள்ளே போய் டிவியைத் தனியாகத் தூக்கித் தடுமாறினார். பாவமாக இருந்தது, ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றிவிட்டேன். வழக்கம்போலக் கடைப் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கரைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன். அது அவர் வீடே இல்லையாம்! ஸ்டிக்கரைப் பார்த்துப் போலீஸ் நேராக என்னிடம் வந்துவிட்டது.

ஸ்டேஷனில் ஒன்று விடாமல் சொன்னேன். "அந்தப் பூட்டை இந்த ஊர்ல என்னைத் தவிர யாராலயும் திறக்க முடியாது" என்றும் சொன்னேன். அதைக் கேட்டதும் சந்தோஷமாக எழுதிக்கொண்டார்கள்.

உன் புருஷன்
(இன்னும் ரத்தாகவில்லை)

ஜூன் 9

பூட்டுக்காரருக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தத்தில் ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

வாயை மூடிக்கொண்டிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டம் கொடுத்திருக்கிறது, நீங்கள்தான் ஜென்மத்தில் பயன்படுத்தியதில்லை. இனி விசாரணை என்று கூப்பிட்டால், "என் வக்கீல் இல்லாம பேசமாட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வசதி இல்லையென்றால் கோர்ட்டே இலவசமாக வக்கீல் தரும். நான் வாதாட வரமாட்டேன். இருக்கிற கோபத்தில் எதிர்த் தரப்புக்கு உதவிவிடுவேன்.

இப்படிக்கு,
வக்கீலம்மா

ஜூன் 17

வக்கீலம்மா,

நீ சொன்னபடி குற்றச்சாட்டை எழுத்தில் வாங்க ஸ்டேஷனுக்குப் போனேன். காத்திருக்கச் சொன்னார்கள். எதிரே லாக்கப் பூட்டு சரியாக விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. எப்படிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது? திருப்புளியை எடுத்தேன். "ஜாமீன்ல போனவன் திரும்பி வந்து லாக்கப்பை நோண்டுறான்!" என்று ஒரே கூச்சல். உள்ளே இருந்தவன் வேறு எனக்குக் கைதட்டினான். பூட்டி, திறந்து காட்டிய பிறகுதான் விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் டீ வாங்கிக் கொடுத்து, "உடந்தைன்னு ஒத்துக்குங்க. சின்ன அபராதம்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். கோர்ட் தந்த வக்கீல் பெண் வேண்டாம் என்கிறாள். எனக்கு அலைந்து அலுத்துவிட்டது. ஒத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

உன் புருஷன்

ஜூன் 22

பூட்டுக்காரரே,

அந்த டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அபராதம் கட்டினால் வழக்குதான் முடியும், உங்கள் பெயரில் ஏறிய திருட்டு இறங்காது. லைசென்ஸ் போகும். திருட்டில் மாட்டிய பூட்டுக்காரரை யார் வாசற்படி ஏற்றுவார்கள்? அந்தக் கடை இல்லாத உங்களை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கோபம் வேறு, இது வேறு.

ஒத்துக்கொள்வதா, வழக்கை நடத்துவதா என்ற முடிவு உங்களுடையது. இன்ஸ்பெக்டருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஆனால் தெரிந்து முடிவெடுங்கள். திருட்டு என்று தெரிந்துதான் திறந்தீர்கள் என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். போன் நம்பரை ஒட்டிவிட்டுப் போகிற திருடன் எங்காவது உண்டா? இதை உங்கள் வக்கீல் கேட்கட்டும். நீங்கள் கேட்க ஆரம்பித்தால் இன்னொரு வழக்கில் மாட்டுவீர்கள்.

வக்கீலம்மா

ஜூலை 14

என் வக்கீலம்மாவுக்கு,

விடுதலை!

குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். "குற்றம் செய்யலைங்க" என்றேன். அவ்வளவுதான், நிறுத்திவிட்டேன். பிறகு அரசுத் தரப்பு சாட்சியாக அடுத்த தெருப் பூட்டுக்காரன் கூண்டில் ஏறினான். "திறந்த லட்சணத்தைப் பார்த்தா கத்துக்குட்டி வேலைங்க" என்றான். என் வேலையை! நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் காந்துகிறது. வக்கீல் பெண் எழுந்து ஸ்டிக்கரைக் காட்டி நீ சொன்னதைக் கேட்டாள். நீதிபதி சிரிப்பை மறைக்க இருமினார்.

வீட்டுக்கு வந்தும் பேசத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எல்லாக் கடிதத்திலும் என் கதையையே எழுதியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா?

உன் புருஷன்

ஜூலை 19

அன்புள்ள உங்களுக்கு,

தீர்ப்பன்று கடைசி பெஞ்சில் நானும் இருந்தேன். கத்துக்குட்டி என்று அவன் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும்போல இருந்தது. நீங்கள் பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

நீங்கள் ஓயாமல் பேசுகிறீர்கள் என்று நான் போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அத்தனை பேச்சில் ஒரு தடவைகூட "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டதில்லை. அதனால்தான் போனேன். இப்போது கேட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன்.

பதில் கடிதத்தில் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். நான் பேசி முடிக்கும்வரை மௌனமாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைவி