தொட்டிச் சுவரில் உன் குழாய்

என் ஆசை தனகோட்டி அக்காவுக்கு,

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து உன் ஜைத்தூன் எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்குக் கடிதம் எழுதுகிற வேலையே எனக்கு வந்ததில்லை. குளிக்கிற அறைக்குள் போய் ஒரு செருமல் செருமினால் போதும், அந்தப் பக்கத்திலிருந்து "இன்னாமே ஜைத்தூனு, இன்னா சேதி?" என்று கேட்பாய். இப்போது எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது உனக்கு வந்து சேருமா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

முதல் சேதி, தொட்டியை மாற்றிவிட்டோம். நம் பழைய தொட்டி அடியில் இற்றுப்போய், காலையில் பிடித்த தண்ணீர் மத்தியானத்துக்குள் தரையெல்லாம் ஓடிவிட்டது. என் வீட்டுக்காரர் பழைய சாமான் வியாபாரி ஆயிற்றே, யாரோ காலி செய்துகொண்டு போன பங்களாவிலிருந்து வேறொரு தொட்டி கொண்டுவந்தார். கூடவே ஒரு சாக்கு நிறைய வெள்ளைப் பீங்கான் கற்கள். தொட்டியைச் சுற்றிச் சுவரில் பதித்தால் இனி ஈரம் ஏறாதாம். தொட்டி தெருவுக்குள் வந்தபோது ஊரே கூடி வேடிக்கை பார்த்தது, நீ மட்டும் இல்லை.

பழைய தொட்டியை முதலில் பார்த்தபோது நீ சிரித்தது எனக்கு மறக்கவில்லை. ரயில்வே துரை ஒருவர் குடியிருந்த வீடு இது. அவர் சீமைக்குப் போன பிறகு சொந்தக்காரர் நடுவில் சுவர் எழுப்பி இரண்டு குடித்தனமாக்கிவிட்டார். தண்ணீர்க் குழாயும் தொட்டியும் என் பக்கம் வந்தன. உன் பக்கம் வெறும் தரை. "எருமைக்குத் தண்ணி காட்ற தொட்டியாட்டம் கீதே, துரை இதுலயா குந்திகினாரு?" என்று தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நாங்கள் மட்டும் அதில் குளித்தோமா என்ன? விடியற்காலையில் வருகிற கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் அது உதவியது.

தெருக்குழாய்ச் சண்டையில் உன் வாய்க்கு முன்னால் நிற்க ராயபுரத்தில் ஆள் கிடையாது. ஆனால் இளைப்பு நோய் வந்த பிறகு சண்டை போட்டு ஜெயித்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வர உன்னால் முடியவில்லை. ஒரு நாள் காலையில் நான் தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டிக்கு மேலே சுவரிலிருந்து ஒரு தகரக் குழாய் எட்டிப் பார்க்கிறது! ஒரு செங்கல்லைப் பெயர்த்து நீதான் செருகியிருந்தாய். சொந்தக்காரரையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. "இன்னா பாத்துகினு கீறே? ஊத்துமே" என்றாய்.

அன்றிலிருந்து தொட்டித் தண்ணீரை மொண்டு குழாயில் ஊற்றினேன். உன் பக்கத்துக் குடம் நிரம்பியதும் சொம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாய். அதற்குப் போதும் என்று அர்த்தம். பழைய தொட்டியின் துரு வருகிறதென்று குழாயின் உன் பக்கத்து வாயில் சேலைத் துண்டு ஒன்றை வடிகட்டியாகக் கட்டிவைத்தாய். தண்ணீர் போகும், கூடவே பேச்சும் போகும். என் மாமியார் சங்கதி, உன் நாத்தனார் சங்கதி, எல்லாம் அந்தக் குழாய்க்குத் தெரியும். நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரத்துக்கு என்னைத் தட்டி எழுப்பியதும் நீதான். இந்த வருஷம் தட்ட ஆளில்லாமல் நான் தூங்கிப்போனேன், அக்கா.

நீ போன நாளை நீயே பார்க்கவில்லை, நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது தெருக்குழாய் நின்றுவிட்டது. உன்னைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை என்று உன் சொந்தக்காரப் பெண்கள் அலைந்தார்கள். "கொழாயாண்ட குடத்த வைங்க, நான் ஊத்தறேன்" என்று கத்திவிட்டு இங்கே ஓடிவந்தேன். ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். போதும் என்று தட்ட அந்தப் பக்கம் நீ இல்லை. தொட்டி காலியாகி, சொம்பு அடியில் உரசுகிற வரைக்கும் ஊற்றினேன்.

அப்புறம் நடந்ததை நீ கேட்டால் வருத்தப்படுவாயா, சிரிப்பாயா? உனக்கு வருஷத் திதிகூட வரவில்லை, நடேசண்ணன் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டார். அத்திப்பட்டுப் பக்கத்துப் பெண், பெயர் அலமேலு, சின்ன வயசு. எனக்கு வயிறு எரிந்தது. ஆர்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிற மனுஷனுக்கு வேளைக்குச் சோறு வேண்டாமா என்று தெருவில் பேசினார்கள். சோறு வேண்டும்தான். அதற்காக உன்னை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுவதா? அவள் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடத்தோடு என் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் ஏகாம்பரம் மேஸ்திரி வேலைக்கு வந்தார். சுவரைச் சுரண்டினால் சுண்ணாம்பு பாளம் பாளமாக வந்தது. உன் குழாயைச் சுற்றிச் செங்கல் ஊறிப்போய் உதிர்ந்தது.

"ஊத்துன தண்ணில பாதி செவுத்துக்குள்ளதான் எறங்கிகீது, பாயம்மா. இத்த இப்படியே வுட்டு மேல கல்லு ஒட்டுனா ஒண்ணும் நிக்காது. மூடிடட்டா?"

குழாயை ஒருமுறை தடவிப் பார்த்தேன். ஆனால் இனி யாருக்காக அந்தக் குழாய்? நீ செருகிய குழாயில் அவள் தண்ணீர் பிடிப்பதா? "மூடிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் குழாயைப் பிடித்து ஆட்டியதுதான் தாமதம், அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அலறல்.

"அய்யய்யோ, அத்த இழுக்காதீங்க! சாமி குத்தம் ஆயிடும்!"

எந்தச் சாமி? மேஸ்திரி என்னைப் பார்க்கிறார், நான் மேஸ்திரியைப் பார்க்கிறேன். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நீ போன பிறகு அந்த வாசற்படியை நான் மிதித்ததே இல்லை.

அக்கா, நீ கட்டிய பச்சைச் சேலைத் துண்டு அப்படியே இருக்கிறது. குழாயைச் சுற்றி மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சுற்றியிருக்கிறாள். கீழே ஓர் அகல் விளக்கு. உன் வடிகட்டித் துணியை வேண்டுதல் துணி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்! எனக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அவள் பயந்துபோனாள். "இன்னா பாயம்மா, தப்பு ஏதனா பண்ட்டேனா?"

"இத வேண்டுதல்னு உனக்கு யாருமா சொன்னது?"

"யாரும் சொல்லல. இது இன்னா துணின்னு அவரு கைல கேட்டேன். 'தனகோட்டி கட்னது, அதுல கை வெக்காதே'ன்னு சொல்லிட்டு அந்தாண்ட திரும்பிப் படுத்துகினாரு. அன்னிக்கு சோறே துன்னல. சரி, அக்கா இன்னாத்துக்கோ வேண்டிகினு கட்டிகீது, நாம பாத்துக்கலாம்னு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்கேத்திகினு வரேன்."

நடேசண்ணன் உன்னை மறக்கவில்லை, அக்கா. அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தையே ஆரம்பித்தேன் போலிருக்கிறது.

அது எதற்கான துணி, எதற்கான குழாய் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் குழாயைப் பார்த்தாள், அப்போதுதான் தெருவிலிருந்து தூக்கி வந்திருந்த குடத்தைப் பார்த்தாள். "எனக்குச் சொல்லிருக்கலாமே, பாயம்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் சும்மாதான் சொன்னாள்.

திரும்பி வந்து மேஸ்திரியிடம் மூட வேண்டாம் என்றேன். "இப்பதான் மூடுன்னீங்க, இப்ப வோணான்றீங்க, பேஜாரா கீதே" என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார். குழாயை அந்தப் பக்கம் சரிவாக இறக்கிவைத்து, சுற்றிலும் சிமெண்டை அடைத்து, சுவர் முழுக்க இரண்டு பூச்சுப் பூசினார். அது இறுகிய பிறகு கற்களைத் தண்ணீரில் ஊறவைத்துப் பதித்தார். குழாய் வருகிற இடத்துக் கல்லில் வட்டமாக வெட்டும்போது ஒன்று உடைந்தது, இன்னொன்றும் உடைந்தது, அடுத்தது நின்றது. கடைசியில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடிக்கச் சொன்னார். "பாரம் ஏறுனாத்தான் தொட்டி உக்கார்ற எடத்துல உக்காரும். அப்பால சந்து அடச்சா வுடாது" என்று, தொட்டி நிறைந்திருக்கும்போதே விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் பூசி முடித்தார். பூச்சு இறுகட்டும் என்று சில நாள் யாரும் தொடவில்லை. சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நடுவில் உன் குழாய் மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று காலை தொழுதுவிட்டுப் போனேன். அந்தப் பக்கம் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. சொம்பை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். ஊற்ற ஊற்ற எனக்கு நீ போன நாள் ஞாபகம் வந்துவிட்டது, அக்கா. சுவரில் காதை வைத்துக்கொண்டே ஊற்றினேன். நீ தட்டமாட்டாய் என்று தெரியும், தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கை நிற்கவில்லை.

"போதுங்க்கா, ரொம்பிடுச்சு!"

அதுவரை பாயம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியோரம் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். எழுந்து பார்த்தபோது தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கையில் தெம்பு இருக்கிறவரைக்கும் உன் வீட்டுக் குடம் தண்ணீரில்லாமல் கிடக்காது. அவளோடு பேசுவேன், சண்டையும் போடுவேன், புதுத் தொட்டியில் துரு இல்லாவிட்டாலும் உன் துணியை அவிழ்க்கவிட மாட்டேன். ஆனால் சொம்பால் இரண்டு தட்டுத் தட்டுவதை மட்டும் அவளுக்குச் சொல்லித்தர மாட்டேன். அது உன்னுடையது.

சுவருக்கு இந்தாண்ட இருக்கும் உன் தங்கச்சி,
ஜைத்தூன்