வாயில்லாத பை

அபிராமபுரம்
3 ஆகஸ்ட் 2025

அன்பு மகள் நோராவுக்கு,

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரன் நோயலுக்கும் அம்மாவின் முத்தங்கள். போனில் பேசினால் கட்டிலில் கிடக்கும் அப்பா காதில் எல்லாம் விழுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள் நான். நோயலிடம் காட்டு.

நீ என் பேரைக் கொடுத்துச் சேர்த்த அடையாறு கைவேலை வகுப்புக்கு நேற்றுப் போனேன். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீதான் அப்பாவோடு இருந்தாள். "நீ போக்கா, நா பாத்துக்கினு கீறேன்" என்று துரத்தாத குறை. மரச் சட்டத்தில் நூல் கட்டி நெய்யச் சொன்னார்கள். நான் இழுத்து இழுத்து நெய்ததில் துணி நடுவில் ஒடுங்கிவிட்டது. "ஆன்ட்டி, லூசா விடுங்க" என்கிறாள் டீச்சர் ஷில்பா. அப்பாவுக்கு வாதம் வந்ததிலிருந்து அவரைத் தூக்கி உட்காரவைக்கிற கை. லூசாக விட வரவில்லை.

களைப்பாக இருக்கிறது, நோரா. வேறொன்றுமில்லை.

அம்மா ஜொவிட்டா


புனே
12 ஆகஸ்ட்

என் அம்மாவுக்கு,

வேறொன்றுமில்லை என்று நீ எழுதினால் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். ஒளிக்காமல் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு இடம் கேட்டிருக்கிறேன். செப்டம்பர் நடுவில் பதில் சொல்ல வேண்டும். அவர் இல்லாமல் அரைநாள் இருந்து நீ பழக வேண்டும் என்றுதான் உன்னை வகுப்பில் சேர்த்தேன். கோபப்படாதே. நீயும் படுத்துவிட்டால் நான் இங்கிருந்து என்ன செய்வேன்?

அடுத்து பை செய்வார்களாமே. முதல் பை எனக்கு.

நோரா


அபிராமபுரம்
24 ஆகஸ்ட்

நோராவுக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். பழக்கவா அனுப்பினாய் என்னை?

ஆனாலும் நேற்று வகுப்புக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே. அங்கே யாரும் "தண்ணி, தண்ணி" என்று கூப்பிடுவதில்லை.

ஆட்டு ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்தால் தடித்த துணியாகிறது. ஃபெல்ட் என்று பேர். பைக்கு இரண்டு அடுக்கு. நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்தால்தான் இரண்டும் ஒட்டாமல் வாய் கிடைக்கும். ஷில்பா அதைச் சொல்லும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். மேசை நனையாமலிருக்கத்தான் தாள் என்று நினைத்து அடியில் விரித்தேன். பிறகு தேய்த்தேன் பார், அப்பாவின் கண்டக்டர் சட்டைக் காலரைத் தேய்த்த மாதிரி!

"சூப்பர் ஆன்ட்டி! வாய் எங்க?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நெய்ததையாவது பிரிக்கலாம், இதைப் பிரிக்க முடியாதாம். முகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா தடவிப் பார்த்து, "இன்னாடி, ஊத்தப்பமா?" என்றார். அவர் கேலி பேசி எத்தனை மாசமாச்சு! சிரித்தேன், அப்புறம் அழுதேன். படுத்தே கிடந்து அவர் வலது குதிகால் சிவந்திருந்தது. மெத்தென்று எதையாவது வைக்கச் சொல்லியிருந்தாள் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ். உன் பையை அங்கே வைத்தேன்.

அம்மா


புனே
1 செப்டம்பர்

அம்மா,

பை போகட்டும். இல்லத்துக்குச் சரியா, இல்லையா? அதை மட்டும் எழுது.

நோரா


அபிராமபுரம்
7 செப்டம்பர்

அன்பு மகளே,

நேற்று மாதா கோவில் திருவிழாக் கூட்டத்தில் பஸ் ஏற முடியவில்லை. வகுப்புக்குப் போகாமல் திரும்பிவிட்டேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உன் கடிதங்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நாம் இரண்டு பேரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"கால்தான் போச்சு, காது நல்லாத்தான் கீது. நீ ஹாஜிராகிட்ட பொலம்பினப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "நா போறேன்டி. நீ ரவ நேரம் தூங்கு. சனிக்கிழமை கிளாஸ் முடிச்சிட்டு வந்து பாரு."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது. அவர் கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். ஹாஜிரா பீ வந்து எழுப்பினபோது விளக்கு வைக்கிற நேரம்.

சரி என்று சொல்லிவிடு.

இடது குதிகாலும் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் போவதற்குள் அதற்கும் ஒன்று வேண்டும். வருகிற சனிக்கிழமை ஷில்பா என்ன சொன்னாலும் தாளை அடியில்தான் விரிப்பேன். உன் பை அதற்கப்புறம்.

அம்மா ஜொவிட்டா